ஜப்பானில் சுஷி வகுப்பு: போவதற்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

ஜப்பானுக்குச் சுற்றுலா போகும் நம்மவர்களில் பலர் இப்போது பயணத் திட்டத்தில் அரைநாளை சுஷி வகுப்புக்கென்று ஒதுக்குகிறார்கள். கிளம்புவதற்கு முன் அவர்கள் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பெரும்பாலும் டோக்கியோவை மனதில் வைத்து எழுதியது. ஒசாகா, கியோட்டோ பற்றியும் ஓரிடத்தில் வரும். வினிகர் கலந்த சோற்றோடு மீனோ காயோ சேர்த்துச் செய்வதுதான் சுஷி. சுஷி என்றதும் பச்சை மீன்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் வகுப்பில் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ள வேண்டியது சோற்றை. கீழே வரும் பதில்களில் பாதி அதைச் சுற்றித்தான் இருக்கும்.

வகுப்பில் என்னென்ன நடக்கும்?

ஒன்றரை மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் வரை ஆகும். ஆசிரியர் முதலில் செய்து காட்டுவார், பிறகு நாம் செய்வோம், செய்ததை அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். வழக்கமாக ஆளுக்குச் சில நிகிரியும் ஒன்றிரண்டு சுருளும் செய்யச் சொல்வார்கள். நிகிரி என்றால் விரல் நீளத்துக்குப் பிடித்த சோற்றின் மேல் மீன் துண்டு வைத்தது. கடற்பாசித் தாளில் சோற்றைப் பரப்பிச் சுருட்டி வெட்டுவது மாக்கி. கூடவே மிசோ என்ற புளித்த சோயா விழுதில் செய்த சூப்பும் பச்சைத் தேநீரும் இருக்கும். இதுவே ஒருவேளைச் சாப்பாடாகிவிடும் என்பதால் ஓட்டலில் காலை உணவை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள்.

எத்தனையோ வகுப்புகள் இருக்கின்றனவே, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

முன்பதிவு செய்வதற்கு முன் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்: சோற்றில் வினிகர் கலப்பதை நாங்கள் செய்வோமா, இல்லை கலந்து வைத்திருப்பீர்களா? இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலிலேயே வகுப்பின் தரம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சுற்றுலாப் பயணிகளுக்கான வகுப்புகளில் பலவற்றில் சோறு முன்பே தயாராகி, மூடிய பெட்டியில் சூடாக இருக்கும். மீனும் வெட்டியே இருக்கும். நாம் செய்வது சோற்றைப் பிடித்து மீனை வைப்பது மட்டும். சில இடங்களில் உருண்டைகூட அளவாகப் பிடித்து அடுக்கியிருக்கும். சோற்றைப் பிடித்துத் தள்ளும் எந்திரத்தை சுசுமோ என்ற ஜப்பானிய நிறுவனம் 1981-லேயே கொண்டுவந்துவிட்டது, சுழலும் பட்டையில் தட்டுகள் வரும் சுஷிக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் எந்திரம் பிடித்த சோறுதான். அந்த எந்திரத்தின் வேலையை ஒரு மணி நேரம் நீங்கள் செய்துவிட்டு வருவதற்கு ஏன் அவ்வளவு பணம் கொடுக்க வேண்டும்?

படம் எடுத்துக்கொள்வதும் குடும்பத்தோடு கலகலப்பாக ஒரு மணி நேரம் கழிப்பதும்தான் நோக்கம் என்றால் அப்படிப்பட்ட வகுப்பே போதும். வீட்டுக்கு வந்து செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள், சோறு கலப்பதைக் கற்றுத் தரும் வகுப்பையே பிடியுங்கள்.

அடுத்து, ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். ஆறு, எட்டுப் பேர் என்றால் அவர் உங்கள் கையைப் பார்த்துத் திருத்துவார். இருபது, முப்பது பேர் இருந்தால் தூரத்தில் இருந்து பார்த்துச் செய்வதுதான்.

டோக்கியோவா, ஒசாகாவா, கியோட்டோவா?

மூன்று ஊரிலும் மூன்று விதமான சுஷி. பயணத்தில் எந்த ஊரில் நேரம் கிடைக்கிறதோ அந்த ஊருக்குரியதைக் கற்றுக்கொள்வது நல்லது.

உலகம் முழுக்கத் தெரிந்த நிகிரி, டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்தில், 1820-களில் அங்கே பரவிய தெருக்கடைத் தின்பண்டம். ஹனாயா யோஹேய் என்பவர் அதற்கு வடிவம் கொடுத்ததாகச் சொல்வார்கள். வேலைக்குப் போகிற வழியில் நின்றபடியே கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போவதற்கென்று வந்தது அது. அப்போது ஐஸ் பெட்டி கிடையாது, அதனால் மீனை வினிகரிலோ சோயா சாஸிலோ ஊறவைத்தோ, வேகவைத்தோதான் வைத்தார்கள். எடோமாயே, அதாவது எடோ பாணி, என்று விளம்பரம் செய்யும் வகுப்பில் இந்தப் பழைய பக்குவங்களையும் சொல்லித் தருகிறார்களா என்று கேட்கலாம்.

ஒசாகாவில் மரப்பெட்டிக்குள் சோற்றையும் மீனையும் அடுக்கி அழுத்தி, வில்லைகளாக வெட்டுவார்கள். கைப்பக்குவம் அதிகம் தேவையில்லை, முதல் முறையே அழகாக வரும். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வேன். கியோட்டோ கடலைவிட்டுத் தள்ளி இருக்கிற ஊர். ஜப்பான் கடலோரத்து வகாசா பகுதியிலிருந்து உப்பிட்ட கானாங்கெளுத்தியைச் சுமந்து வந்த மலைப்பாதைக்கு இன்றும் கானாங்கெளுத்திச் சாலை என்றே பெயர். அந்த மீனை வினிகரில் ஊறவைத்துச் செய்யும் சபாசுஷி அங்கே திருவிழாச் சாப்பாடு.

இவை எல்லாவற்றுக்கும் மூத்தது, பிவா ஏரிக்கரையில் ஷிகா மாநிலத்தில் இன்றும் செய்யும் ஃபூனாசுஷி. உப்பிட்ட ஏரி மீனைச் சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில் புளிக்க வைப்பார்கள். அந்தப் பழைய முறையில் சோறு புளிக்க வைக்க மட்டும்தான், மீனைத் தின்றுவிட்டுச் சோற்றைத் தள்ளிவிடுவார்கள். பின்னாளில் அந்தப் புளிப்புக்குப் பதிலாக வினிகர் வந்தது, சோறும் தட்டுக்கு வந்தது.

செலவு எவ்வளவு ஆகும்?

ஆளுக்கு ஏறத்தாழ 5,000 யென்னிலிருந்து 15,000 யென் வரை. சந்தையைச் சுற்றிக் காட்டுவதும் சேர்ந்தால் கூடும், உங்கள் குடும்பத்துக்கு மட்டும் தனி வகுப்பு என்றால் இன்னும் கூடும். வரி சேர்த்த விலையா என்று பாருங்கள். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பணம் திரும்ப வராது என்பதுதான் பொதுவான விதி, உங்கள் பெயருக்கு மீன் வாங்கியாகிவிடும். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் ஜப்பானில் இல்லை. நன்றி சொன்னால் போதும்.

சந்தைச் சுற்றுலாவும் சேர்ந்த வகுப்பு தேவையா?

எந்தச் சந்தை என்று முதலில் பாருங்கள். டோக்கியோவின் ட்சுகிஜி பகுதியில் 1935 முதல் நடந்த மொத்த மீன் சந்தை 2018 அக்டோபரில் அதே நகரின் டொயோசு பகுதிக்கு மாறிவிட்டது. ட்சுகிஜியில் இப்போது இருப்பது வெளிச்சந்தை: கத்திக் கடை, கடற்பாசிக் கடை, ஊறுகாய்க் கடை, சுடச்சுட முட்டைப் பணியாரம் போல் தமாகோயாகி விற்கும் கடை என்று நெருக்கமான சந்துகள். பழைய படங்களில் பார்த்த சூரை மீன் ஏலம் அங்கே கிடையாது. ஏலம் பார்க்க வேண்டும் என்றால் விடியற்காலையில் டொயோசுவுக்குப் போக வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் நின்று இலவசமாகப் பார்க்கலாம், பக்கத்து மேடையிலிருந்து பார்க்க முன்கூட்டியே விண்ணப்பித்துக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும்.

சமைக்கத் தெரிந்தவர்களுக்கு ட்சுகிஜிச் சுற்று பயனுள்ளது. எந்தக் கடற்பாசித் தாள் நல்லது, எந்த வினிகர் எதற்கு என்று கூட வருபவரிடம் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமையும் பல புதன்கிழமைகளும் கடைகள் மூடியிருக்கும் என்பதால் அந்த நாட்களைத் தவிர்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

நான் சுத்த சைவம். எனக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது, ஆனால் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். அன்றைக்குப் போய் நின்று சொன்னால் உங்களுக்கு வெள்ளரிக்காய்ச் சுருள் மட்டும்தான் கிடைக்கும்.

கவனிக்க வேண்டிய பெயர் தாஷி. ஜப்பானியச் சமையலில் பெரும்பாலான குழம்புக்கும் சூப்புக்கும் அடிப்படையான சாறு அது. கொம்பு என்ற கடற்பாசியையும், கத்சுவோபுஷி என்ற உலர்ந்த மீன் சீவலையும் போட்டு எடுப்பார்கள். தூத்துக்குடிக்காரர்களுக்கும் இலங்கைத் தமிழர்களுக்கும் மாசிக்கருவாடு தெரியும், கத்சுவோபுஷியும் அதே வகைச் சூரை மீனை வேகவைத்துப் புகையில் உலர்த்திக் கட்டை போலாக்கியதுதான். மீனே இல்லை என்று சொல்லித் தரும் மிசோ சூப்பிலும், முட்டைச் சுருளிலும், சோறு அடைத்த டோஃபு பையிலும் இந்தச் சாறு இருக்கும். சொல்பவர் பொய் சொல்வதில்லை. மீன் துண்டு இல்லாவிட்டால் அது சைவம் என்றே அங்கே பலர் நினைக்கிறார்கள்.

அதனால் மின்னஞ்சலில் சைவம் என்று மட்டும் எழுதாதீர்கள். மீன் இல்லை, மீன் சாறும் இல்லை, முட்டை உண்டா இல்லையா என்று பிரித்து எழுதுங்கள். நேரில் சொல்ல ஒரு வரி: "சகானா நோ தாஷி மோ தபேமாசென்". மீன் சாறும் சாப்பிட மாட்டேன் என்று பொருள். கொம்பும் உலர்ந்த ஷிட்டாகே காளானும் போட்டு எடுக்கும் சாறு முழுச் சைவம், கேட்டால் அதில் செய்து தருவார்கள். வெட்டும் பலகையும் கத்தியும் தனியாக வேண்டும் என்றால் அதையும் எழுதுங்கள், பொது மேசையில் பக்கத்தில் இருப்பவர் மீனைத்தான் வைத்திருப்பார்.

சைவத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கன்ப்யோ மாக்கி. சுரைக்காயை நாடா நாடாவாகச் சீவி வெயிலில் உலர்த்தியதுதான் கன்ப்யோ. தோச்சிகி மாநிலம் அதற்குப் பேர்போனது. ஊறவைத்து, சோயா சாஸும் சர்க்கரையும் போட்டு வேகவைத்து, சுருளின் நடுவில் வைப்பார்கள். டோக்கியோவின் பழைய சுஷிக் கடைகளில் சாப்பாட்டை இதோடு முடிக்கும் வழக்கம் உண்டு. நம் கூட்டுச் சட்டியில் கிடக்கும் சுரைக்காய்க்கு அங்கே இப்படி ஒரு மரியாதை. கத்தரிக்காய், காளான், வெண்ணெய்ப் பழம், முள்ளங்கி ஊறுகாய், உமே என்ற புளிப்புக் காய் என்று மீதியும் உண்டு.

ஹலால் வகுப்பு கிடைக்குமா?

ஹலால் சான்றிதழ் பெற்ற வகுப்புகள் டோக்கியோவில் இருக்கின்றன. மற்ற இடங்களில் மீன் பிரச்சினை இல்லை, மசாலாப் பொருட்களில்தான் கவனம் வேண்டும். மிரின் என்ற இனிப்புத் திரவத்தில் ஏறத்தாழ 14 சதவீதம் ஆல்கஹால் உண்டு, சாக்கே அரிசி மது, சில சோயா சாஸ் புட்டிகளில் கெடாமலிருக்க ஆல்கஹால் சேர்த்திருப்பார்கள். மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பச்சை மீன் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாதா?

முறையாக நடத்தும் இடத்தில் பயப்பட வேண்டியதில்லை. கடல் மீனில் அனிசாகிஸ் என்ற புழு இருக்கலாம். அது வயிற்றுச் சுவரைத் துளைத்தால் கடுமையான வலி வரும். மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரத்துக்குக் குறையாமல் உறையவைத்தால் புழு செத்துவிடும் என்று ஜப்பானின் சுகாதார அமைச்சகம் சொல்கிறது. சூரை மீனில் பெரும்பகுதி கப்பலிலேயே மைனஸ் 60 டிகிரியளவில் உறைந்துதான் கரைக்கு வருகிறது. வினிகரும், வசாபி என்ற காரக் கிழங்கு விழுதும் புழுவைக் கொன்றுவிடும் என்ற பேச்சு தவறு. சாப்பாட்டில் சேர்க்கும் அளவில் அவை அதை ஒன்றும் செய்வதில்லை.

சால்மன் கதை இதோடு சேர்ந்தது. இப்போது எல்லா வகுப்பிலும் சால்மன் இருக்கிறது, ஆனால் பழைய எடோ சுஷியில் பச்சை சால்மனே கிடையாது, புழு பயம்தான் காரணம். நார்வேக்காரர்கள் 1980-களில் தங்கள் பண்ணை சால்மனைப் பச்சையாகச் சாப்பிடலாம் என்று ஜப்பானியர்களிடம் விடாமல் எடுத்துச் சொல்லித்தான் அது உள்ளே வந்தது.

மனம் ஒப்பவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள். வேகவைத்த இறால், சுட்ட விலாங்கு, முட்டை என்று எல்லாமே முறையான சுஷிதான். இறால், எள், சோயா, கோதுமை ஒவ்வாதவர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். சோயா சாஸில் கோதுமை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கர்ப்பமாக இருப்பவர்கள்?

கலந்துகொள்ளலாம், பச்சை மீன் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாதரசம் கூடுதலாக இருப்பதால் கர்ப்பிணிகள் நீலத்துடுப்புச் சூரை, பெருங்கண் சூரை, வாள்மீன் ஆகியவற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே அரசின் அறிவுரை. உங்கள் மருத்துவர் சொல்வதே முதல்.

அந்தச் சோற்றில் அப்படி என்ன இருக்கிறது?

சுஷிக் கடைகளில் ஒரு சொலவடை உண்டு: சோறாக்க மூன்று வருஷம், பிடிக்க எட்டு வருஷம். வேலைக்குச் சேர்ந்த பையன் மீனைத் தொடுவதற்கு முன் சோற்றோடு வருஷக்கணக்கில் இருப்பான். இப்போது சில வாரங்களில் தொழில் கற்றுத் தரும் பள்ளிகள் வந்துவிட்டன, என்றாலும் அங்கேயும் பாடம் சோற்றில்தான் தொடங்குகிறது.

அரிசி குட்டையாக, உருண்டையாக இருக்கும். தண்ணீர் தெளியும்வரை மென்மையாகக் கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவான தண்ணீரில் ஒரு துண்டு கொம்பு போட்டு வேகவைப்பார்கள். வினிகர் பின்னால் சேரப் போகிறது என்பதால்தான் தண்ணீர் குறைவு. வெந்ததும் ஹாங்கிரி என்ற அகலமான மரத்தொட்டியில் கொட்டுவார்கள். தொட்டியை முன்பே நனைத்துத் துடைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் காய்ந்த மரம் வினிகரைக் குடித்துவிடும்.

இனி நடப்பதைக் கண் எடுக்காமல் பாருங்கள். ஆவி பறக்கும்போதே அரிசி வினிகர், சர்க்கரை, உப்பு கலந்த கரைசலைத் துடுப்பின் மேல் ஊற்றி, சோறு முழுக்கத் தெறிக்கும்படி விடுவார்கள். சூடு ஆறிவிட்டால் பருக்கைக்குள் இறங்காது, மேலேயே ஈரமாக நின்றுவிடும். பிறகு மரத்துடுப்பைச் சாய்த்துப் பிடித்து, வெட்டுவது போல் கோடு கோடாக இழுத்துப் புரட்டுவார்கள். நாம் தயிர்சாதம் பிசைவது போல் பிசைந்தால் எல்லாம் போச்சு, பருக்கை உடைந்து பசையாகிவிடும். இன்னொருவர் பக்கத்தில் நின்று விசிறுவார். விசிறுவதால் மேலே நிற்கும் ஈரம் பறந்து, ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக மினுமினுக்கும். அந்த மினுக்கம் வந்ததும் ஈரத்துணியால் மூடிவைப்பார்கள். கை வைத்தால் நம் உடம்புச் சூடு இருக்க வேண்டும். குளிர்ந்த மீனும் வெதுவெதுப்பான சோறும் வாயில் சேருவதுதான் நிகிரியின் ருசி.

அளவு கேட்பவர்களுக்கு: 450 கிராம் அரிசிக்கு 60 முதல் 75 மில்லி அரிசி வினிகர், இரண்டு அல்லது மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. கடைக்குக் கடை மாறும், எடோ முறைக்காரர்கள் சர்க்கரையைக் குறைப்பார்கள், ஒசாகாவில் கூட்டுவார்கள்.

நிகிரி பிடித்தால் எனக்கு உடைந்துவிடும், இல்லையென்றால் கல்லாகிவிடும். ஏன்?

கல்லாகிறது என்றால் அமுக்குகிறீர்கள். சோற்றை உருட்டிப் பழகிய நம் கைக்கு இந்தக் குணம் தானாக வரும். உடைகிறது என்றால் கையில் ஈரம் அதிகம், அல்லது சோறு ஆறிவிட்டது.

வினிகர் கலந்த தண்ணீர் கிண்ணத்தில் விரல் நுனியைத் தொட்டு, உள்ளங்கையில் பரப்பி, ஒரு தடவை கைதட்டி உதறுங்கள். வலது கையால் 15 முதல் 20 கிராம் சோற்றை எடுத்து, உள்ளங்கைக் குழிவிலேயே லேசாகத் திரட்டுங்கள். கூடுதலாக எடுத்துவிட்டுக் கிள்ளிக் கிள்ளிப் போடாதீர்கள், தொடும் ஒவ்வொரு முறையும் சோறு இறுகும். இடது கை விரல்களின் அடிப்பகுதியில் மீனை விரித்து, வலது ஆள்காட்டி விரலால் வசாபியைத் தடவி, மேலே சோற்றை வையுங்கள். இடது கட்டைவிரலால் சோற்றின் நடுவில் ஒரு பள்ளம் செய்ய வேண்டும். உள்ளே காற்று தங்குவதற்கான இடம் அது, வேகமாகச் செய்து காட்டும்போது கண்ணில் படாது, ஆசிரியரிடம் மெதுவாகக் காட்டச் சொல்லுங்கள். பிறகு திருப்பிப் போட்டு, இரண்டு விரலால் மேலே ஓர் அழுத்தம், பக்கங்களில் ஓர் அழுத்தம், முன்பின்னாகத் திருப்பி இன்னொன்று. அவ்வளவுதான். தூக்கினால் உடையக் கூடாது, நாக்கில் வைத்ததும் பருக்கை பருக்கையாகப் பிரிய வேண்டும்.

இடது கையால் சாப்பாட்டைத் தொட வேண்டியிருக்கிறதே?

நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும். பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். இரண்டு கையும் இல்லாமல் நிகிரி பிடிக்க முடியாது. வகுப்பு தொடங்கும் முன் சோப்பு போட்டு மணிக்கட்டுவரை கழுவச் சொல்வார்கள், நடுநடுவே துடைக்க ஈரத்துணி இருக்கும். மனம் வராதவர்கள் மாக்கி சுருட்டலாம், கைக்கும் சோற்றுக்கும் நடுவில் தாளும் மூங்கில் பாயும் இருக்கும். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் எல்லாவற்றையும் கை மாற்றிச் செய்ய வேண்டும், ஆசிரியருக்கு எதிரே நின்று பார்த்தால் அப்படியே பிடித்துக்கொள்ளலாம்.

மாக்கி சுருட்டும்போது பிரிந்துவிடுகிறது.

சோறு அதிகம். மெல்லிய சுருளுக்கு அரைத் தாளும் 80 கிராம் சோறும் போதும். தாளின் பளபளப்பான பக்கம் கீழே, பாயைத் தொட்டபடி இருக்கட்டும். உங்களுக்கு எதிர்ப்பக்க விளிம்பில் ஒரு சென்டிமீட்டர் இடம் விடுங்கள். நடுவில் காயை வைத்து, விரல்களால் காயைப் பிடித்தபடி, இந்தப் பக்கச் சோற்று ஓரம் அந்தப் பக்கச் சோற்று ஓரத்தைத் தொடும்படி ஒரே மூச்சில் சுருட்டுங்கள். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் ஈரத்துணியில் துடைத்தால் ஓரம் சுத்தமாக வரும்.

அந்தத் தாளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இந்தக் கடற்பாசி எப்படி வளர்கிறது என்பது நெடுங்காலம் புரியாமல் இருந்தது, சில வருஷம் விளையும், சில வருஷம் அடியோடு பொய்க்கும். கேத்லீன் ட்ரூ-பேக்கர் என்ற பிரிட்டிஷ் தாவரவியலாளர் 1949-ல் அதன் வாழ்வில் ஒரு பருவம் சிப்பி ஓடுகளுக்குள் கழிகிறது என்று கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் ஜப்பானியர்களால் நம்பி வளர்க்க முடிந்தது. அவர் ஜப்பானுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. குமமோத்தோ மாநிலத்தின் உத்தோ நகரில் அவருக்கு நினைவுக்கல் வைத்து, ஒவ்வொரு ஏப்ரலும் அந்தப் பகுதி மீனவர்கள் விழா எடுக்கிறார்கள்.

மீன் வெட்டவும் கற்றுத் தருவார்களா?

முழு மீனைச் சுத்தம் செய்வது சாதாரண வகுப்பில் இருக்காது. சில இடங்களில் கட்டியாக உள்ள சூரையைச் சீவ விடுவார்கள். நாரின் ஓட்டத்துக்குக் குறுக்கே, நீளக் கத்தியின் அடியில் தொடங்கி நுனிவரை ஒரே இழுப்பு. அறுப்பது போல் முன்னும் பின்னும் ஆட்டினால் துண்டின் முகம் பிய்ந்துபோகும்.

எப்படி உடுத்திக்கொண்டு போவது?

கையை மறைக்காத உடை. சேலை முந்தானையையும் துப்பட்டாவையும் செருகிக்கொள்ள வேண்டும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்ற வேண்டும். நகம் ஒட்ட வெட்டியிருக்கட்டும். சென்ட், மல்லிகைப் பூ, மணக்கும் எண்ணெய் எதுவும் வேண்டாம், மீனின் மணம் மிக மெல்லியது, பக்கத்தில் இருப்பவருக்கும் கெட்டுவிடும். காலணி கழற்றும் இடமாக இருக்கலாம், கிழியாத சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். பத்து நிமிஷம் முன்னால் போய்விடுங்கள். அங்கே பத்து மணி என்றால் பத்து மணிதான்.

ஜப்பானிய மொழி தெரியாதே, விசா தனியாக வேண்டுமா?

ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்புகள் ஏராளம். சுற்றுலா விசாவே போதும். சாப்பிடத் தொடங்கும் முன் "இதடாகிமாஸ்" என்று கைகூப்பிச் சொன்னால் ஆசிரியரின் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

செய்ததை எப்படிச் சாப்பிடுவது?

நிகிரியைக் கையால் எடுத்துச் சாப்பிடலாம், அதுதான் பழைய வழக்கம். மீன் பக்கத்தைச் சோயா சாஸில் லேசாகத் தொடுங்கள், சோற்றுப் பக்கத்தை முக்கினால் உறிஞ்சிக்கொண்டு உதிர்ந்துவிடும். இஞ்சி ஊறுகாய் ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவில் வாயைச் சுத்தம் செய்ய. சோயா சாஸில் வசாபியைக் கரைத்துக் குழப்பத் தேவையில்லை, அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

பச்சை வசாபிக் கிழங்கை உங்கள் முன்னால் துருவித் தரும் வகுப்பு கிடைத்தால் விடாதீர்கள். குழாயில் வருவதில் பெரும்பகுதி வேறொரு காரக் கிழங்கு. துருவிய வசாபியில் காரத்துக்கு முன்னால் ஓர் இனிப்பு வரும், கால்மணி நேரத்தில் அந்த மணம் போய்விடும்.

ஊருக்கு என்ன வாங்கி வரலாம்?

டோக்கியோவில் அசாகுசாவுக்கும் உவேனோவுக்கும் நடுவில் கப்பாபாஷி என்று சமையல் சாமான்களுக்கென்றே ஒரு தெரு. மூங்கில் பாய், மரத்துடுப்பு, சின்ன ஹாங்கிரி எல்லாம் கிடைக்கும். நல்ல கடற்பாசித் தாளும் அரிசி வினிகரும் வாங்கி வந்தால் ஊரில் பாதி வேலை முடிந்தது. கத்தி வாங்கினால் கடைக்காரர் கட்டிக் கொடுத்ததைப் பிரிக்காமல் நேராக அறைக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் வையுங்கள். ஆறு சென்டிமீட்டருக்கு மேல் நீளமான கத்தியைக் காரணமில்லாமல் வைத்துக்கொண்டு நடமாடுவது அங்கே குற்றம். விமானத்தில் அது சரக்குப் பெட்டியில்தான் போக வேண்டும்.

வீட்டுக்கு வந்து செய்ய முடியுமா?

முடியும், பச்சை மீன் இல்லாமல். காசிமேட்டிலோ நாகப்பட்டினத்திலோ அன்று காலை பிடித்த மீன் எவ்வளவு புதிதாக இருந்தாலும் குழம்புக்கும் வறுவலுக்கும்தான். பச்சையாகச் சாப்பிடுவதற்கென்று பிடித்த நொடியிலிருந்து குளிரில் வைத்து வரும் ஏற்பாடு அதற்கு இல்லை. வீட்டு ஃப்ரீசரின் குளிரையும் நம்ப முடியாது. ஆற்று மீன், ஏரி மீனைப் பச்சையாக நினைத்தே பார்க்கக் கூடாது.

பொன்னி, பாசுமதி ஒட்டாது. சீரகச் சம்பா குட்டை அரிசிதான், அதுவும் இதற்கு ஒட்டாது. ஜப்பானிய அரிசி பெரிய கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஜப்பானிய நிறுவனங்கள் வந்த பிறகு சென்னையில் தேடிப் பிடிப்பது முன்போல் கஷ்டமில்லை. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. நம் கடைகளில் விற்கும் வெள்ளை வினிகரின் நெடி சோற்றைக் கெடுத்துவிடும், அரிசி வினிகர் கிடைக்கும்வரை பொறுத்திருங்கள். மரத்தொட்டிக்குப் பதில் அகலமான தாம்பாளம் போதும், விசிறுவதற்குப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்.

உள்ளே வைக்க வெள்ளரிக்காய், வேகவைத்த இறால், முட்டை, சோயா சாஸில் வதக்கிய காளான். பிஞ்சுச் சுரைக்காயை மெல்லிசாகச் சீவி ஒருநாள் வெயிலில் காயவைத்து, சோயா சாஸும் சர்க்கரையும் போட்டு வற்றவிட்டுப் பாருங்கள், கன்ப்யோவுக்கு வெகு பக்கத்தில் வரும்.

சோறு மீந்துவிட்டால்?

ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், கல்லாகிவிடும். வினிகர் இருப்பதால் அன்றைய பொழுது ஈரத்துணி மூடி அறையிலேயே தாங்கும், வெயில் காலத்தில் அதுவும் சில மணி நேரம்தான். வெள்ளரிக்காய், முட்டை, எள் தூவி ஒரு கிண்ணத்தில் பரப்பினால் சிராஷி ஆகிவிடும். ஜப்பானில் மார்ச் 3-ஆம் தேதி பெண் பிள்ளைகளுக்கான திருநாளில் வீடுகளில் செய்வது அதுதான்.